கொல்லைல ஒரு பட்ட கட்டை, எதுத்தாப்புல ஒரு கேமரா: மரங்கொத்திய லைவ்ல பாக்குறது எப்படி

மொதல்லயே சொல்லிடறேன், எனக்கு இந்த மரங்கொத்திப் பைத்தியம் புடிச்சது நம்மூர் மரங்கொத்தியால இல்ல, அமெரிக்கா மரங்கொத்தியால. நியூயார்க் மாகாணத்துல இத்தாகானு ஒரு ஊரு, அங்க கார்னெல் பல்கலைக்கழகத்தோட பறவை ஆய்வகம் இருக்கு, 1915ல ஆரம்பிச்சது, அவங்க இருக்குற காட்டுக்குப் பேரே சாப்சக்கர் வுட்ஸ். சாப்சக்கர்ங்கிறதும் ஒரு மரங்கொத்திதான், மரத்துல வரிசையா ஓட்டை போட்டு அதுல கசியிற சாறை நக்குற சாதி. அங்க பறவைகளுக்குத் தீனி வைக்கிற மேடை எதுத்தாப்புல ஒரு கேமராவ வச்சு யூட்யூப்ல ஓட விட்டுருக்காங்க, காசு பணம் ஒண்ணும் கெடையாது, கார்னெல் ஃபீடர் கேம்னு தேடினா வந்துரும்.

சொந்தமா கேமரா மாட்டப் போறவங்களும் ஒரு வாரம் இத பாத்துட்டுத்தான் ஆரம்பிக்கணும்ங்கிறது என் கட்சி. ஆனா நேரம் தெரிஞ்சு பாக்கணும். நிறைய பேரு காலைல எட்டு மணிக்கு காபியோட உக்காந்து திறந்து பாத்துட்டு ஒரே இருட்டா இருக்கு கேமரா ரிப்பேர்னு மூடிடறாங்க, அங்க அப்ப ராத்திரிங்க. குளிர்காலத்துல நமக்கும் அவங்களுக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம், மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிட்டாங்கன்னா அப்புறம் நவம்பர் மொத ஞாயிறு வரைக்கும் ஒம்போதரை. அதனால ஜனவரில இங்க சாயங்காலம் ஆறு ஆறேகால் ஆகும்போதுதான் அங்க பொழுது விடியுது, ஏப்ரல் கடைசில மூணரை மணிக்கே விடிஞ்சிரும். பனி கொட்டுற டிசம்பர் ஜனவரிதான் பாக்க தோதான மாசம், காட்டுல இரை கம்மிங்கிறதால எல்லாம் மேடைக்கு வந்துரும். நான் பட்டாசாலைல டிவில போட்டு விட்டுட்டு வெள்ளைப்பணியாரத்த வச்சுக்கிட்டு உக்காந்தேன்னா ஏழரை வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.

அங்க அடிக்கடி வர்றது டௌனினு ஒரு சின்ன மரங்கொத்தி, ஹேரினு ஒண்ணு, ரெட் பெல்லீடுனு ஒண்ணு. டௌனியும் ஹேரியும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி கருப்பு வெள்ளையா இருக்கும், ஹேரி பெருசு, ஆனா பக்கத்துல பக்கத்துல உக்காந்தாத்தான பெருசு சிறுசு தெரியும், தனியா வந்தா கொழப்பிரும். அதுக்கு ஒரு வழி இருக்கு, அலகைப் பாருங்க. அலகை அப்படியே பின்னாடி மடக்கி தலை மேல படுக்க வச்சதா நெனச்சுக்கங்க, கிட்டத்தட்ட தலை நீளத்துக்கு வந்தா ஹேரி, பாதி கூட வராட்டி டௌனி. ரெட் பெல்லீடுன்னு பேரு வச்சவரு வயித்துல என்ன செவப்பக் கண்டாரோ, நமக்குத் தெரியிறது தலைதான், ஆணுக்கு அலகு ஆரம்பிக்கிற எடத்துலருந்து பிடரி வரைக்கும் செவப்பு, பெண்ணுக்கு பிடரி மட்டும். எப்பவாச்சும் காக்கா அளவுக்கு செவத்த கொண்டையோட பைலியேட்டடுனு ஒண்ணு வரும், அது வந்தா மத்த வேலைய விட்டுட்டுப் பாருங்க.

முக்கியமா கவனிக்க வேண்டியது அது மரத்துல எப்படி நிக்குதுங்கிறத. ரெண்டு விரல் முன்னாடி ரெண்டு விரல் பின்னாடி, வால் எறகு கம்பி மாதிரி வெறப்பா இருக்கும், அத மரத்துல ஊனி மூணாவது காலாட்டம் சாஞ்சுக்கும். வந்து உக்காரும்போது கீழ உக்காரும், அப்புறம் தத்தித் தத்தி மேல ஏறும். இத மனசுல வச்சுக்கங்க, பின்னாடி கேமரா கோணம் வைக்கும்போது இதுதான் ஒதவும்.

சரி, பாத்தோமா ரசிச்சோமானு நான் இருந்திருக்கலாம். நம்ம கொல்லைலயும் ஒண்ணு வைப்போம்னு எறங்கினேன். ஆன்லைன்ல தொங்குற தீனிக் கூண்டு ஒண்ணு வாங்கி, சூரியகாந்தி வெத போட்டு வேப்பமரத்துல மாட்டினேன். வந்தது யாருன்னா அணிலு, மைனா, தவிட்டுக்குருவிக் கூட்டம், ரெண்டு கிளி, அப்புறம் பக்கத்து வீட்டுக் கோழி. மரங்கொத்தி நாலு வீடு தள்ளி எங்கயோ கத்திக்கிட்டே போச்சு, எட்டிக்கூட பாக்கல. அங்க இத்தாகால சூயட்டுனு மாட்டுக் கொழுப்ப கட்டி பண்ணி சின்ன கம்பிக் கூண்டுல வைக்கிறாங்க, மரங்கொத்தி அதுல மொய்க்குது, அதையும் பாத்துடுவோம்னு கறிக்கடைல ஆட்டுக் கொழுப்பு வாங்கி உருக்கி கட்டி பண்ணி மாட்டினேன். மாட்டினது சித்திரை மாசம். பதினோரு மணிக்கெல்லாம் உருகி சொட்டிருச்சு, கீழ பூனை நக்குது, மேல காக்கா பத்து நிக்குது, கொல்லை பூரா வீச்சம். அப்பத்தா வந்து பாத்துட்டு சொன்ன ஒரே வார்த்தை, "கொழுப்பு உனக்குத்தாண்டா கூடிப்போச்சு."

அதனால இத நல்லா மனசுல ஏத்திக்கங்க. கொழுப்புக் கட்டி குளிர் ஊருக்கானது, நம்ம வெயிலுக்கு ஆகாது, உருகின கொழுப்பு எறகுல ஒட்டினா பறவைக்கும் கெடுதல். வெதையும் நம்ம மரங்கொத்திக்கு வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமெல்லாம் கொல்லைல தோப்புல நாம பாக்குறது பெரும்பாலும் பொன்முதுகு மரங்கொத்தி, அது திங்கிறது எறும்பு, மரப்பட்டைக்குள்ள இருக்குற வண்டுப்புழு, கரையான். எப்பவாச்சும் பூவுல தேனு, விழுந்த பழம். அப்ப அதுக்கு நாம என்னத்த வைக்கிறது? எறும்பைத்தான் வைக்கணும்.

இத எனக்கு சொல்லிக் குடுத்தது ஒரு மொட்டைத் தென்னை. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சதுல எங்க கொல்லைல ஒரு தென்னைக்கு தலை முறிஞ்சு போச்சு, மொட்டையா நின்னுச்சு, வெட்டணும் வெட்டணும்னு சொல்லிக்கிட்டே யாரும் வெட்டல. ரெண்டு வருசத்துல அதுல மரங்கொத்தி ஓட்டை போட்டு குடும்பம் நடத்துச்சு. அப்புறம் ஒரு ஐப்பசி மழைல அந்த மரம் சாஞ்சிருச்சு, யார் மேலயும் விழல, புண்ணியம். விழுந்து கெடந்த மரத்த வெறகுக்கு அறுக்க ஆள் வந்தப்ப நடுவுல இருந்து ஒரு ஏழடித் துண்ட மட்டும் எடுத்து வச்சுக்கிட்டேன். அதுதான் இன்னிக்கு வரைக்கும் என் ஃபீடர்.

கட்டை எப்படி நிறுத்துறதுன்னா, தென்னையோ முருங்கையோ பூவரசோ ஏதோ ஒண்ணு, பட்டு காஞ்சு உள்ள கொஞ்சம் உளுத்திருக்கணும், பச்சை மரம் வேண்டாம், பெயிண்ட் அடிச்சது மருந்து அடிச்சது கூடவே கூடாது. ஒன்றரை அடி குழி தோண்டி நட்டுருங்க, மேல அஞ்சடிக்குக் கொறையாம நிக்கணும். பக்கத்துல கல்லுக்கால் இருந்தா கம்பி போட்டு அதோட சேத்துக் கட்டுங்க, காத்துக்கு ஆடாது. மண்ணுல நட்டா கரையான் ஏறுமேன்னு கேப்பீங்க, ஏறட்டும், அதுக்குத்தான நடுறோம். ஆனா வீட்டுலருந்து முப்பது அடியாச்சும் தள்ளி நடுங்க, கட்டையத் தின்ன கரையான் அடுத்து வீட்டு உத்தரத்தப் பாக்கும், பர்மா தேக்கு தாங்கும்னு தைரியமா இருந்தாலும் பின்னாடி ரிப்பேருக்கு போட்ட நாட்டு மரச் சட்டமெல்லாம் தாங்காது. எங்க வீட்டுல அடுப்படி நிலை இப்பவே ஒரு ஓரம் போயிருக்கு, அது இந்தக் கட்டையாலயா பழசானு இன்னும் பஞ்சாயத்து முடியல.

கட்டைல ட்ரில் போட்டு அரை அங்குல ஓட்டை ஏழெட்டு போடுங்க, ரெண்டு அங்குலம் ஆழம், கொஞ்சம் மேல்நோக்கி சரிஞ்ச மாதிரி, அப்பத்தான் மழைத்தண்ணி உள்ள தேங்காது. அந்த ஓட்டைல கனிஞ்ச வாழைப்பழத்த கொஞ்சூண்டு அப்பி விடுங்க. மரங்கொத்தி பழத்துக்கு வராது, எறும்பு வரும். எறும்பு சாரை போட ஆரம்பிச்சதும் அதுக்குப் பின்னாடியே இவரு வருவாரு. அப்பத்தா இத கேட்டுட்டு, வாசல்ல அரிசி மாவுல கோலம் போட்டு எறும்புக்கு வைக்கிறத நீ கட்டைல வைக்கிறன்னாங்க, சரிதான். கடலை அரைச்சும் வச்சுப் பாத்தேன், அதுக்கும் எறும்பு வந்துச்சு, ஆனா நம்ம மழைக்காலத்துல கடலை சீக்கிரம் பூசணம் புடிக்கும், பூசணம் புடிச்ச கடலை பறவைக்கு வெஷம். 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சம் வான்கோழிக்கு மேல செத்து, ஏன்னு தேடிப் போய்த்தான் கடலைப் புண்ணாக்குல இருந்த பூசண வெஷத்த கண்டுபிடிச்சாங்க, அஃப்லடாக்சின்னு பேரு. அதனால நான் கடலைய விட்டுட்டேன், உப்புக்கடலை, மிச்சர் இந்த மாதிரி எதுவும் வைக்காதீங்க. பக்கத்துல ஒரு அகலமான மண்தட்டுல ரெண்டு அங்குலம் தண்ணி வைங்க, தினம் மாத்துங்க, இல்லேன்னா கொசுதான் வளரும். மரங்கொத்தி அதுல எறங்கினத நான் ஒரே ஒரு தடவதான் பாத்திருக்கேன், மத்தபடி கொண்டைக்குருவி குளிக்கிறது தனிக் காட்சி.

கட்டை நட்ட மறுநாளே எதிர்பாக்காதீங்க. எனக்கு பதினேழு நாள் ஆச்சு. பதினெட்டாவது நாள் காலைல ஏழு மணி வாக்குல கேமரால வந்த கிளிப்ப இன்னும் அழிக்கல. கட்டையோட அடில வந்து ஒட்டினுச்சு, முதுகு மஞ்சக் காமாலை மஞ்சள் இல்ல, நல்லா பழுத்த பலாச்சுளை மஞ்சள், தலைல செவப்புக் கொண்டை, கழுத்துல கருப்பும் வெள்ளையும் எழுதினாப்புல கோடு. ரெண்டு தத்து மேல வந்துச்சு, தலைய ஒருக்களிச்சு ஓட்டைய ஒரு கண்ணால பாத்துச்சு, லேசா ரெண்டு தட்டு, கதவு தட்டுற மாதிரி. அப்புறம் அலகு உள்ள போச்சு, வெளிய வரும்போது நாக்கு இன்னும் உள்ளயே இருக்கு, நீளமா, பிசுபிசுன்னு, நுனில எறும்பு ஒட்டிக்கிட்டு. அந்த நாக்கோட எலும்பு மண்டையோட பின்பக்கமா சுத்தி மேல வரைக்கும் போகுது, அதனாலதான் அவ்வளவு நீளம் வெளிய வருது. நேர்ல நின்னா இத பாக்கவே முடியாது, ஆள் அரவம் கேட்டாலே கட்டைக்கு அந்தப் பக்கம் போயிரும். கேமராவோட லாபம் இதுதான்.

இப்ப கேமரா வெவகாரம். பழைய போன வச்சு ஆரம்பிக்கலாம், போன கேமராவா மாத்துற ஆப் நிறைய இருக்கு, ஆனா நம்மூர் மே மாச வெயில்ல போன் சூடாகி அணைஞ்சிரும், சார்ஜர்லயே கெடந்து பேட்டரி உப்பிரும், எனக்கு உப்புச்சு. ஒரு வாரம் வெள்ளோட்டம் பாக்க மட்டும் சரி. நெரந்தரமா வைக்க வெளிப்புற சிசிடிவி கேமராதான், ஐபி66னு போட்டிருக்கணும், தூசியும் மழைத்தண்ணியும் உள்ள போகாதுன்னு அதுக்கு அர்த்தம். கடைல எல்லாரும் 2.8 எம்எம் லென்ஸ் குடுப்பாங்க, அது எடத்த அகலமா காட்டும், வாசல் காவலுக்கு. மரங்கொத்தி மொத்தமே 26லருந்து 29 சென்டிமீட்டர், 2.8ல ரெண்டரை மீட்டர் தூரத்துல வச்சா திரை உயரத்துல பத்துல ஒரு பங்குதான் தெரியும். 6 எம்எம்னு கேட்டு வாங்குங்க, அதே தூரத்துல அஞ்சுல ஒரு பங்கு வரும், அது போதும். ரொம்ப கிட்ட வச்சா ஃபோகஸ் நிக்காது, பறவையும் கூசும்.

கேமராவ தெக்கால வச்சு வடக்க பாக்க மாட்டுங்க, வருசத்துல பெரும்பாலான நாள் சூரியன் நமக்கு தெக்க சாஞ்சே போகும், வெளிச்சம் பறவை மேல விழும். கெழக்கையோ மேக்கையோ பாத்து வச்சா காலைலயும் சாயங்காலமும், அதாவது அது வர்ற நேரத்துல, வெறும் நிழலுருவம்தான் மிச்சம். அப்புறம் முன்ன சொன்னேன்ல, கீழ வந்து ஒட்டி மேல ஏறும்னு, அதனால கட்டையோட அடிப்பாகமும் ஃப்ரேம்ல தெரியிற மாதிரி வைங்க. நான் மொதல்ல உச்சிய மட்டும் பாக்க வச்சு, சத்தம் கேக்குது ஆளக் காணோம்னு மூணு நாள் முழிச்சேன்.

செட்டிங்ல ஃப்ரேம் ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை படம் எடுக்குதுங்கிறது, 15ல இருக்கும், அத 25க்கு ஏத்துங்க. மரங்கொத்தி முரசு கொட்டுற மாதிரி தட்டும்போது வினாடிக்கு இருபது தட்டு வரைக்கும் போகும், 15ல அலகே தெரியாது, 25லயும் கலங்கலாத்தான் இருக்கும் ஆனா தலை ஆடுறதாவது தெரியும். ராத்திரி இன்ஃப்ராரெட் லைட்ட அணைச்சிருங்க. மரங்கொத்தி ராத்திரி பொந்துல தூங்கும், அந்த லைட்டுக்கு வர்றது பூச்சி, பூச்சிக்கு பல்லி, பல்லி போனா சிலந்தி, விடிஞ்சு பாத்தா லென்ஸ் முன்னாடி வலை. மோஷன் அலர்ட்டுக்கு கட்டைய மட்டும் சுத்தி கட்டம் போடுங்க, மொத்தத் திரைக்கும் வச்சீங்கன்னா வேப்பங்கொழை ஆடுறதுக்கெல்லாம் போன் கத்தும், ஒரு நாளைக்கு நானூறு அலர்ட்டு வந்து நீங்களே அணைச்சிருவீங்க.

நம்ம செட்டிநாட்டு வீடுகளுக்குன்னே ஒரு தனித் தலைவலி இருக்கு, வைஃபை. ரவுட்டர் முகப்புல, கேமரா கொல்லைல, நடுவுல வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படி, இந்தத் தெருவுல வாசல்னா அடுத்த தெருவுல கொல்லைக் கதவு, சுவரு ஒவ்வொண்ணும் ரெண்டடி கனம், முட்டை வெள்ளைக்கரு சேத்து பூசின சுண்ணாம்பு. அந்தக் காலத்துல கட்டும்போது வைஃபைய யாரு நெனச்சா. ரிப்பீட்டர் ரெண்டு வாங்கி காச கரியாக்குனதுதான் மிச்சம். நேரா லேன் கேபிள் இழுத்துருங்க, கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், பிஓஇ கேமராவா வாங்கினா அதே கேபிள்லயே கரண்டும் போயிரும், கொல்லைல தனியா பிளக் பாயிண்ட் தேட வேண்டாம். ஆனா கேபிள வெறுமனே ஓட்டு மேல போடாதீங்க, பிவிசி பைப்புக்குள்ள விடுங்க. நான் வெறுமனே போட்டேன், ஒன்பதாவது நாள் அணில் கடிச்சிருச்சு, அதுவும் ஒரே எடத்துல இல்ல, மூணு எடத்துல, ருசி பாத்துப் பாத்து. கரண்ட் போனா ரவுட்டரும் போயிரும்ங்கிறதால அதுக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போட்டுக்கங்க.

வீட்டுல ஆளில்லாம பூட்டிக் கெடக்குற வீடுன்னா சோலார் வச்ச 4ஜி சிம் கேமரா ஒரு வழி, ஆனா கணக்குப் பாத்துக்கங்க. 2 எம்பிபிஎஸ்ல ஓடினா மணிக்கு கிட்டத்தட்ட 0.9 ஜிபி, காலை ஆறுலருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் போட்டா 11 ஜிபி, தெனம் 2 ஜிபி பேக்கு காலைச் சாப்பாட்டுக்கு முன்னாடியே காலி. அந்த வகைக்கு நேரலை ஆகாது, அசைஞ்சா மட்டும் கிளிப் அனுப்புற மாதிரி வச்சுக்கலாம். மெமரி கார்டு 64 ஜிபி போட்டா, பகல் மட்டும் பதிவு பண்ணினா அஞ்சு நாள் வரும்.

வெளியூர்ல இருக்குற சொந்தக்காரங்களுக்கும் காட்டணும்னா யூட்யூப். நம்ம பக்கத்துல பாதி வீட்டுக்கு ஆளுங்க சிங்கப்பூர் மலேசியா சென்னைனு இருக்காங்க, அவங்களுக்கு மரங்கொத்திய விட கொல்லையப் பாக்குறதுதான் சந்தோஷம். கேமரா வாங்கும்போதே ஆர்டிஎஸ்பி, அதாவது கேமரா படத்த நேரா கம்ப்யூட்டருக்கு அனுப்புற வசதி, இருக்கான்னு கேளுங்க, மலிவான பேட்டரி கேமரா பலதுல இருக்காது, வாங்கிட்டு வந்து தலைல கை வச்சுக்கிட்டு உக்காரணும். ஒரு பழைய கம்ப்யூட்டர்ல ஓபிஎஸ்னு இலவச சாஃப்ட்வேர் போட்டு, அதுல மீடியா சோர்ஸ் சேத்து, லோக்கல் ஃபைல்ங்கிற டிக்க எடுத்துட்டு கேமராவோட ஆர்டிஎஸ்பி முகவரிய போட்டா படம் வந்துரும். கேமரா செட்டிங்ல வீடியோவ சுருக்குற முறை எச்265னு இருந்தா எச்264க்கு மாத்திக்கங்க, வம்பில்லாம ஓடும். யூட்யூப்ல சேனல போன் நம்பர் குடுத்து சரிபாத்துட்டு நேரலைய ஆன் பண்ணினா மொத தடவைக்கு 24 மணி நேரம் வரைக்கும் காக்க வைப்பாங்க, அப்புறம் ஸ்ட்ரீம் கீங்கிற உங்க சேனலோட ரகசியக் குறியீட்ட எடுத்து ஓபிஎஸ்ல ஒட்டினா முடிஞ்சது. 12 மணி நேரத்துக்கு மேல ஒரே ஓட்டமா ஓடினா யூட்யூப் அத பதிவா சேமிக்காது, அதனால பொழுது சாஞ்சதும் நிறுத்திட்டு காலைல புதுசா ஆரம்பிங்க. கேமராவோட வந்த பாஸ்வேர்ட அப்படியே விட்டுறாதீங்க, மொத வேலையா மாத்துங்க. பக்கத்து வீட்டுக் கொல்லை, கெணத்தடி, துணி காயிற கொடி எதுவும் ஃப்ரேம்ல வரக்கூடாது, சொல்லவே வேண்டாம்.

மைக்க பத்தி மறந்தே போனேன். ஆன்லயே விட்டா மரங்கொத்தி கத்துறது, தட்டுறது எல்லாம் அழகா கேக்கும், கூடவே மத்ததும் கேக்கும். ஒரு நாள் மத்தியானம் அப்பத்தா கொல்லைல உக்காந்து புளி உரிச்சுக்கிட்டே எங்க சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துல மொய் வச்ச கதைய, யாரு எவ்வளவு வச்சா, யாரு வைக்காம சாப்புட்டுட்டுப் போனா, அத்தனையும் அத்தைகிட்ட சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க. அது நேரலைல போயிருச்சு. சிங்கப்பூர்லருந்து சித்தப்பா மகன் போன் பண்ணி, "அண்ணே, மரங்கொத்திய காணோம், அப்பத்தா நல்லா கொத்துறாங்க"ன்னான். அன்னிலருந்து ஓபிஎஸ்ல மைக்க ஊமையாக்கி வச்சுட்டேன், காலைல ஆறுலருந்து எட்டு வரைக்கும் மட்டும் சத்தம்.

வர்றது எதுன்னு தெரிஞ்சுக்கிறதுல நம்ம ஆளுங்க அடிக்கடி சறுக்குற எடம் ரெண்டு. தரைல நடந்து நடந்து புல்லுல குத்திக்கிட்டு, விசிறி மாதிரி கொண்டைய விரிக்கிறது மரங்கொத்தி இல்ல, அது கொண்டலாத்தி. யாரு போட்டோ அனுப்பி மரங்கொத்தின்னாலும் பத்துல ஆறு அதுவாத்தான் இருக்கும். இன்னொண்ணு, வெயில்ல எங்கயோ உச்சாணிக் கொம்புல இருந்து டொங்கு டொங்குன்னு பாத்திரக்கடை சுத்தியல் மாதிரி விடாம கேக்குதே, அது செம்மார்புக் குக்குறுவான், அத்தி ஆலம்பழம் திங்கிறது. அதுவும் மரத்துல பொந்து கொடையும்ங்கிறதால கொழப்பம். மரங்கொத்தி கத்துறது வேற, குதிரை கனைக்கிற மாதிரி கிகிகிகின்னு ஒரே மூச்சுல எறங்கிக்கிட்டே போகும், பறக்கும்போதே கத்தும்.

பொன்முதுகுல ஆண் பெண் பாக்குறது சுலபம், ஆணுக்கு நெத்திலருந்து கொண்டை வரைக்கும் மொத்தமும் செவப்பு, பெண்ணுக்கு நெத்திப்பக்கம் கருப்புல வெள்ளைப் புள்ளி, பின்னாடி கொண்டை மட்டும் செவப்பு. தொண்டையும் கருப்பா, வாலுக்கு மேல இடுப்பும் கருப்பா இருந்தா பொன்முதுகுதான், சந்தேகமே வேண்டாம். பிடரில பளிச்சுன்னு வெள்ளையா இருந்தா அது வேற சாதி, வெள்ளைப்பிடரி, அது வந்தா எனக்கும் சொல்லி விடுங்க. முள்ளுக்காட்டுப் பக்கம் மைனா அளவு கூட இல்லாம புள்ளி புள்ளியா, நெத்தில லேசா மஞ்சளோட ஒண்ணு வந்தா மராட்டா மரங்கொத்தி. பறவைய அடையாளம் சொல்ற மெர்லின் ஆப்ல போட்டோ போட்டாலும் சொல்லிரும், பாத்த பறவைய குறிச்சு வைக்கிற ஈபேர்டு தளத்துல தேதியோட பதிஞ்சு வச்சா உங்க கொல்லைல எந்த மாசம் எது வந்துச்சுன்னு அடுத்த வருசம் பாத்துக்கலாம்.

மாசிலருந்து ஆடி வரைக்கும் ஜாக்கிரதை, அதான் குஞ்சு பொரிக்கிற காலம். பக்கத்து மரத்துல பொந்து போட்டிருந்தா கேமராவ தூக்கிக்கிட்டு அங்க ஓடாதீங்க, பொந்துக்குள்ள கேமரா விடுற வேலையே வேண்டாம், மூணு முட்டை வைக்கும், பதினொரு நாள்ல பொரிக்கும், இருபது நாள்ல குஞ்சு வெளிய வந்துரும், அது வரைக்கும் இருபதடி தள்ளி நின்னு பாருங்க. முட்டைய குஞ்ச எடுக்குறது 1972 வன உயிரினச் சட்டத்துல குத்தம், சட்டத்த விடுங்க, வேட்டங்குடி சரணாலயத்துப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டில பறவைங்க மெரளுமேன்னு தீவாளிக்கு வெடி போடாம இருக்காங்க, நாம ஒரு மாசம் ஏணி போடாம இருக்க மாட்டோமா. போன வருசம் எங்க பக்கத்து மரத்துல மரங்கொத்தி போட்ட பொந்துக்கு ஒரு சோடி மைனா சண்டைக்கு வந்துச்சு, நாலு நாள் இழுபறி, பெண் மரங்கொத்தி உள்ளருந்து அலகை மட்டும் நீட்டிக்கிட்டு நகராம இருந்துச்சு, அஞ்சாவது நாள் பொந்து மைனா கைக்குப் போயிருச்சு. நடுவுல பூந்து மைனாவ வெரட்டலாமான்னு கை துறுதுறுன்னுச்சு, விட்டுட்டேன். பத்து நாள் கழிச்சு அதே மரங்கொத்திச் சோடி கெணத்து மேட்டு முருங்கைல புதுசா கொடைய ஆரம்பிச்சிருந்துச்சு.

வாரத்துக்கு ஒரு தடவ லென்ஸ மெத்துனு துணியால தொடைங்க, மழைக்காலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கேபிள் மூட்டுக்கெல்லாம் டேப் சுத்துங்க, வாழைப்பழத்த ரெண்டு நாளைக்கு ஒருக்கா பழசு வழிச்சுட்டு புதுசு அப்புங்க. என் தென்னங்கட்டை இப்ப ஒரு பக்கம் பூரா சல்லடை, கைய வச்சா பஞ்சு மாதிரி உள்ள போகுது, இந்தக் கார்த்திகை தாண்டாது. கெணத்து மேட்டு முருங்கை பட்டுச்சுன்னா அதத்தான் வெட்டி நடணும், ஆனா அதுல இப்ப ஆள் குடியிருக்காங்க. புதுவயல் பக்கம் ஒரு மரவாடில உளுத்த பூவரசு அடி ஒண்ணு கெடக்குதாம், வெறகு விலைக்கே தர்றேன்னிருக்காரு, ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டுப் போகணும்.